இளகிய மனமுள்ள பிள்ளைகளும் இரத்தசாட்சிகளின் சரித்திரமும்

அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகம், ஆண்டின் நடுவில் பள்ளியில் இடம் கிடைக்காத தொல்லை, மொழிப் பாடச் சிக்கல் என்று பல காரணங்களால் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தரும் குடும்பங்கள் நம் கொல்கத்தாத் தமிழர்களிடையேயும் சில உண்டு. பதினான்கு வயது நிறைந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம் என்பதால், அதுவரை வீடே பள்ளிக்கூடம் என்று துணிந்துவிட்டவர்கள் இவர்கள்.

இவர்களுள் கிறிஸ்தவக் குடும்பத்தார் மற்றப் பாடங்களோடு திருச்சபைச் சரித்திரத்தையும் சேர்த்துக் கொள்கிறார்கள். கணக்குப் புத்தகம் வாங்கும்போது வராத தயக்கம் இந்தப் புத்தகத்தை வாங்கும்போது வருகிறது. புரட்டிய இடமெல்லாம் நெருப்பு, சிங்கம், வாள், சிறைச்சாலை. வீட்டிலோ, தெருவில் அடிபட்ட நாய்க்குட்டியைப் பார்த்துவிட்டு இரண்டு வேளை சாப்பிடாத பிள்ளை. எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது, எந்த வயதில் கொடுப்பது என்று பெற்றோர் திகைப்பது நியாயமே. இது கிறிஸ்தவ அன்பர்களுக்கு மட்டும் உரிய கேள்வியும் அன்று. எந்தச் சமயத்துச் சரித்திரத்திலும் இரத்தம் படிந்த பக்கங்கள் இல்லாமல் இல்லை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளை சரித்திரத்தை நாற்பது பேரோடு சேர்ந்து படிக்கிறது. ஆசிரியர் பாதியைத் தாண்டிப் போகிறார். மணி அடிக்கிறது, அடுத்த பாடம் வருகிறது. வீட்டில் படிக்கும் பிள்ளையோ தனியாகப் படிக்கிறது, முழுவதும் படிக்கிறது, மனத்தில் தைத்த பக்கத்தை மூன்று தடவை படிக்கிறது. படித்த அறையிலேயே இரவில் படுத்துக் கொள்கிறது. ஆகவே பள்ளியில் பல பேர் சேர்ந்து செய்யும் சலிக்கிற வேலையை வீட்டில் தாயும் தகப்பனும்தான் செய்ய வேண்டும்.

கெடுவது ஓரிரு இரவின் தூக்கம் மட்டும் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. பயந்த பிள்ளை அந்தப் பயத்தைக் கடவுளோடு முடிச்சுப் போட்டுவிடக் கூடும். ‘நாமும் கோயிலுக்குப் போகிறோமே, நம் அப்பாவையும் இப்படிச் செய்வார்களா’ என்று எண்ணத் தொடங்கினால், ஜெபமே அதற்கு அச்சமாகிவிடும். மற்றொன்று இன்னும் மோசம். கொன்றவர்கள் இன்ன சபையார், இன்ன மதத்தார் என்று மனத்தில் எழுதிக் கொண்டால், அடுத்த வீட்டு விளையாட்டுத் தோழனையே வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கும். பல மொழியும் பல மதமும் கலந்த குடியிருப்புகளில் வாழும் நமக்கு இது சின்ன விஷயம் அன்று.

வரிசையை மாற்றுங்கள்

வீட்டுக் கல்விக்கென்று வரும் வெளிநாட்டுப் பாடத்திட்டங்கள் பலவும் காலவரிசையில் செல்பவை. முதல் நூற்றாண்டில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு பகுதியாக நம் காலத்துக்கு வருகின்றன. பார்வைக்கு ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். கி.பி. 64இல் ரோமாபுரி எரிந்தபின் நீரோ மன்னன் கிறிஸ்தவர்களைச் செய்த சித்திரவதை ஆறு வயதுப் பிள்ளைக்கு வருகிறது. பாட்டு எழுதியவர்களும் மொழி கற்றவர்களும் ஆஸ்பத்திரி கட்டியவர்களும் பன்னிரண்டு வயதில்தான் வருகிறார்கள். மிகப் பாரமான பகுதி மிகச் சிறிய தோளில் ஏறுகிறது. புதிய பாலத்தின் மேல் முதல் நாளே முழுப் பாரத்தோடு கூட்ஸ் வண்டியை யாரும் வேகமாக ஓட்டுவதில்லை.

காலவரிசை கெட்டுவிடுமே என்று அஞ்ச வேண்டாம். சுவரில் நீளமான ஒரு காகிதத்தை ஒட்டி, இருபது நூற்றாண்டுகளுக்கும் கோடு போட்டு விடுங்கள். யாரைப் படித்தாலும் அவர் பெயரை அவர் காலத்தில் பிள்ளையே எழுதட்டும். எங்கிருந்து தொடங்கினாலும் வரிசை தானாக அமைந்துவிடும்.

யாரிடமிருந்து தொடங்குவது

நம் பிள்ளைகளுக்கு நல்ல தொடக்கம் தஞ்சாவூரில் இருக்கிறது. ஜெர்மானியரான சுவார்ட்ஸ் ஐயர் 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சியிலும் தஞ்சையிலும் உழைத்து, 1798இல் காலமானார். மன்னர் துளஜா தம் வாரிசான சிறுவன் சரபோஜியின் நலனை இவரிடம்தான் ஒப்படைத்தார். ஆங்கிலேயர் 1779இல் ஹைதர் அலியிடம் தூது அனுப்ப நேர்ந்தபோது, சென்றவர் இவரே. வேதநாயக சாஸ்திரியார் இவருடைய மாணவர். ஓர் இந்து அரசர், ஒரு முஸ்லிம் ஆட்சியாளர், ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் கவிராயர் ஆகிய மூவரும் நம்பிய ஒரு மனிதரின் கதை. பயமுறுத்தும் பக்கம் ஒன்றுகூட அதற்குத் தேவையில்லை.

அடுத்தபடியாக, துன்பம் உண்டு, கொடூரம் இல்லை என்னும் வகை. சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார். டேனிஷ் தளபதியின் கோபத்துக்கு ஆளாகி ஏறக்குறைய நான்கு மாதம் கோட்டையில் சிறைப்பட்டிருந்தார். இருந்தும் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். முப்பத்தாறு வயதில் மறைந்தார். பிரான்ஸ் நாட்டில் மரி துரான் என்ற பெண் தன் விசுவாசத்தை விட்டுக் கொடுக்க மறுத்து 1730 முதல் 1768 வரை முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு கோபுரச் சிறையில் கிடந்து, பின்பு விடுதலையானார். இளகிய மனமுள்ள பிள்ளை இவற்றைத் தாங்கிக் கொள்ளும். அநியாயம் உண்டு என்பதும், அது முடிவு அன்று என்பதும் இரண்டும் சேர்ந்து மனத்தில் பதியும்.

கொல்கத்தாவில் இருப்பவர்களுக்குப் புத்தகத்தோடு ஊரும் கிடைக்கிறது. ஹவுராவிலிருந்து இருபது கிலோமீட்டர் தூரத்தில் செராம்பூர். தரங்கம்பாடியைப் போலவே அதுவும் டேனிஷ்காரர்களின் குடியேற்றம். இரண்டையும் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். வில்லியம் கேரி 1800 முதல் அங்கே இருந்து, 1801இல் வங்காளப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 1812 மார்ச்சில் அச்சகம் தீப்பிடித்துப் பல ஆண்டு உழைப்பான கையெழுத்துப் படிகள் சாம்பலாயின. உருகிய ஈயத்தை எடுத்து மறுபடி எழுத்து வார்த்து அவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். 1818இல் அவர்கள் நிறுவிய கல்லூரியை இன்றும் காணலாம். லோக்கல் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால், வீட்டுக்கு வெளியே தான் பேசும் வங்காளத்துக்கும் ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட பெயருக்கும் உள்ள தொடர்பு பிள்ளைக்கு விளங்கும்.

எழுத்துக்கு முன் படம்

கடையிலோ நூலகத்திலோ ஒரு புத்தகம் கைக்கு வந்தால் முதலில் படங்களைப் பாருங்கள். படித்த வாக்கியம் மறந்துபோகும், பார்த்த படம் மறக்காது. ஜான் ஃபாக்ஸ் என்பவர் 1563இல் வெளியிட்ட ஆங்கில நூல் ‘இரத்தசாட்சிகளின் புத்தகம்’ என்ற பெயரில் இன்றும் பல வடிவங்களில் விற்கிறது. இங்கிலாந்தில் மேரி ராணியின் காலத்தில், 1555க்கும் 1558க்கும் இடையில் எரிக்கப்பட்ட ஏறத்தாழ 280 பேரின் வரலாறு அதில் முக்கியமானது. அதன் மரச்செதுக்குப் படங்களில் பல, தீயின் நடுவில் நிற்கும் மனிதர்களைக் காட்டுபவை. அது பெரியவர்களுக்காக எழுதிய நூல். ‘சிறுவர் பதிப்பு’ என்று அட்டையில் போட்டிருந்தாலும், உள்ளே அதே படங்கள் இருந்தால் அது சிறுவர் புத்தகம் ஆகாது.

சாவைப் படமாக்கவே கூடாது என்பதில்லை. நெதர்லாந்தில் டிர்க் வில்லெம்ஸ் என்ற அனபாப்டிஸ்டு விசுவாசி 1569இல் சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீர்ப்பரப்பின் மேல் ஓடினார். துரத்தி வந்த காவலன் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார். அதனால் பிடிபட்டு எரிக்கப்பட்டார். 1685இல் யான் லாய்க்கன் இதற்குச் செதுக்கிய படத்தில் தீ இல்லை. ஒரு கை இன்னொரு கையை நோக்கி நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். நம் தஞ்சைத் தேவாலயத்தில் சரபோஜி மன்னர் தம் குருவுக்காக வைத்த சலவைக்கல் சிற்பமும் இப்படிப்பட்டதே. பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பி செய்தது. மரணப் படுக்கையில் இருக்கும் சுவார்ட்ஸின் கையை மன்னர் பற்றியிருக்கிறார். இதுவும் சாவின் படம்தான். எட்டு வயதுப் பிள்ளையிடம் தயங்காமல் காட்டலாம்.

மரணம் வரும் பக்கத்தை எண்ணிப் பாருங்கள்

படங்கள் சரியாக இருந்தால், அடுத்தபடியாக யாராவது ஓர் இரத்தசாட்சி இறக்கும் பக்கத்தைத் திறவுங்கள். எப்படிக் கொன்றார்கள் என்பதற்கு எத்தனை வாக்கியம், ஏன் அவர் பின்வாங்கவில்லை என்பதற்கு எத்தனை வாக்கியம் என்று எண்ணுங்கள். முன்னது அதிகமாக இருந்தால் அந்தப் புத்தகத்தை மூடி வைக்கலாம்.

சிமிர்னா பட்டணத்து ஆயர் பொலிகார்ப்பு இரண்டாம் நூற்றாண்டில் எரிக்கப்பட்டார். தம்மைப் பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார் அந்தக் கிழவர். எண்பத்தாறு ஆண்டு தமக்கு நன்மையே செய்த ஆண்டவரை எப்படி மறுப்பேன் என்ற கருத்தில் அதிபதிக்கு விடை சொன்னார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, ‘அன்று அவரைக் கொன்றுவிட்டார்கள்’ என்று ஒரே வரியில் முடிக்கலாம். கதையில் எதுவும் குறைந்துவிடாது.

இளகிய மனமுள்ள பிள்ளைகளிடம் இன்னொரு குணம் உண்டு. கதாநாயகரை விட்டுவிட்டு அருகில் நிற்பவரைப் பற்றியே கேட்பார்கள். வடஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் 203இல் உயிர் கொடுத்த பெர்பெத்துவாவின் கதையை என் பேத்திக்குச் சுருக்கமாகச் சொன்னபோது, அவள் கேட்ட ஒரே கேள்வி, “தாத்தா, அந்தக் குழந்தையை யார் பார்த்துக்கிட்டாங்க?” என்பதுதான். பெர்பெத்துவாவுக்குக் கைக்குழந்தை ஒன்று இருந்தது. பழைய வரலாற்றிலேயே இதற்கு விடை உண்டு. குழந்தை பால்குடி மறந்து பாட்டனாரிடம் இருந்தது. உடன் இறந்த பெலிசித்தாவுக்குச் சிறையில் பிறந்த பெண்குழந்தையை ஒரு கிறிஸ்தவச் சகோதரி தன் மகளாக வளர்த்தாள். இந்த விடையைத் தராமல் காட்டு மாட்டையும் வாளையும் மட்டும் விவரிக்கிற புத்தகம் பிள்ளையை அறிந்தவர் எழுதியது அன்று.

கொன்றவர்களும் மனிதர்களே

மேரி ராணியின் காலத்தில் எரிந்தவர்கள் சீர்திருத்த சபையார். அடுத்து வந்த எலிசபெத் ராணியின் காலத்தில் கத்தோலிக்கக் குருமார்கள் தூக்கிலிடப்பட்டார்கள். எட்மண்டு காம்பியன் 1581இல் அப்படி இறந்தவர். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடும் புத்தகம் சரித்திரமாகாது, கட்சிப் பிரசுரம் ஆகும். 1099இல் சிலுவைப் போர்வீரர்கள் எருசலேமில் முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிச் சாய்த்ததும், 1204இல் கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டான்டிநோப்பிளையே கொள்ளையிட்டதும், 1560இல் கோவாவில் தொடங்கிய விசாரணை மன்றமும் நம் சரித்திரத்தின் பக்கங்கள்தாம். இவற்றைப் பத்துப் பன்னிரண்டு வயதில், பெற்றோர் வாயால் முதலில் கேட்பது நல்லது. ‘நம்மவர்களே செய்தார்கள்’ என்ற செய்தி இப்படிப்பட்ட பிள்ளையை மற்றெல்லாவற்றையும் விட அதிகமாக வருத்தும். அந்த வருத்தம் தவறானது அன்று.

கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712இல் பிறந்து, 1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழி அருகே சுடப்பட்டு இறந்த தேவசகாயம், 2022 மே மாதம் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் கதையைச் சொல்லும் சிறு நூல்களிலும் இதைப் பார்க்க வேண்டும். அரசவையினர் என்ன அஞ்சினார்கள், எதை இழந்துவிடுவோம் என்று எண்ணினார்கள் என்று சொல்கிறதா? அல்லது ஓர் ஊரையும் ஒரு சமயத்தையும் அரக்கர் கூட்டமாக வரைகிறதா? பின்னது என்றால் வேண்டாம்.

அளந்து சொல்லுங்கள், மாற்றிச் சொல்லாதீர்கள்

இரண்டாம் உலகப் போரில் யூதர்களுக்கு மறைவிடம் தந்து, தன் சகோதரியை ஜெர்மானியச் சிறைமுகாமில் இழந்த டச்சுப் பெண்மணி கோரி டென் பூம், ‘மறைவிடம்’ என்ற பொருள்படும் தம் நூலில் தம் தகப்பனாரைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். ரயில் பயணத்தில் சிறுமி கோரி, தன் வயதுக்கு மீறிய கேள்வி ஒன்றைக் கேட்டாள். கடிகாரக்காரரான தகப்பனார், சாமான்கள் நிறைந்த தம் பெட்டியைத் தூக்கச் சொன்னார். அவளால் தூக்க முடியவில்லை. சில செய்திகளும் அப்படித்தான், நீ வளரும்வரை நான் சுமக்கிறேன் என்று விளக்கினார். இந்தத் துறையில் பெற்றோருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. கேள்வி தவறு என்று அதட்டவும் இல்லை.

வில்லியம் கேரியின் வாழ்விலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1794இல் அவருடைய ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். மனைவி டாரதி மனம் பேதலித்துப் பல ஆண்டுகள் துன்பப்பட்டு 1807இல் மறைந்தார். ஏழு வயதுப் பிள்ளையிடம், ‘அவர் மனைவி நெடுநாள் நோயாக இருந்தார்’ என்று சொல்லலாம். அது குறைவான உண்மை, ஆனாலும் உண்மை. ‘குடும்பமே மகிழ்ச்சியாக இருந்தது’ என்று எழுதியிருக்கும் புத்தகம் வேண்டாம். பின்னாளில் திரும்பப் பெற வேண்டிய எதையும் இன்று சொல்லாதிருப்பதே விதி. மரபுக் கதைகளுக்கும் இது பொருந்தும். தோமா அப்போஸ்தலர் கி.பி. 52இல் கேரளக் கரைக்கு வந்து 72இல் மயிலாப்பூர் அருகே உயிர் நீத்தார் என்பதை, ‘நம் முன்னோர் வழிவழியாகச் சொல்வது’ என்றே சொல்லுங்கள்.

எந்தப் புத்தகம், எப்படிப் படிப்பது

சிமொனெட்டா கார் எழுதிய சிறுவர் வரலாற்று வரிசை ஓவியங்களும் தேசப்படங்களும் கொண்டது. ஒரு நூலுக்கு ஒருவர். மரி துரானின் கதை இதில் உண்டு. ஏழெட்டு வயதில், பெற்றோர் உடனிருந்து தொடங்க ஏற்றது. ஜானெட், ஜெஃப் பெஞ்ச் தம்பதியர் எழுதிய வரிசை, கேரி, ஏமி கார்மைக்கேல், ஐடா ஸ்கடர் முதலியவர்களின் வாழ்க்கையை நாவல்போல விறுவிறுப்பாகச் சொல்கிறது. பத்து வயதுக்கு மேல் பொருத்தம். ஐடா அம்மையாரின் கதையில், ஒரே இரவில் பிரசவ உதவி கிடைக்காமல் மூன்று பெண்கள் இறந்த நிகழ்ச்சி வருவதை முன்கூட்டியே அறிந்திருங்கள். அந்த இரவிலிருந்துதான் வேலூர் ஆஸ்பத்திரி பிறந்தது என்ற முடிவையும் அதே நாளில் படித்துவிட வேண்டும். ரிச்சர்டு ஹனுலாவின் நூல் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் சிறு வரலாறுகளைக் கொண்டது. பலர் அதில் கொடிய சாவு சாகிறார்கள். அதைப் பிள்ளை கையில் கொடுக்காமல், பெற்றோர் வைத்துக்கொண்டு அத்தியாயம் தேர்ந்து படித்துக் காட்டுவதே சரி.

எதுவானாலும் முதலில் நீங்கள் படியுங்கள். பகலில் படியுங்கள், படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். பாரமான பக்கத்தின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தைச் செருகி, ‘இது உனக்குப் பத்து வயதில்’ என்று எழுதி வைக்கலாம். ஒளித்து வைப்பதைவிட இது நேர்மையானது. போதும் என்று பிள்ளை சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ‘இதற்கெல்லாம் அழலாமா’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

கூடுமானவரை தமிழிலும் சொல்லுங்கள். அடியார்களின் வரலாறு நம் மொழியில் 1586லேயே அச்சேறிவிட்டது. ஹென்றிக்கஸ் அடிகளார் அச்சிட்ட அந்நூல், இந்தியாவில் அச்சான மிகப் பழைய நூல்களுள் ஒன்று. ஆங்கிலப் புத்தகத்தைப் பிள்ளை தனியாகப் படிக்கும். தமிழில் என்றால் தாத்தாவோ பாட்டியோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கும். பயத்துக்கு அதுவே பாதி மருந்து.

கடைசியாக ஒன்று. இளகிய மனம் திருத்தப்பட வேண்டிய குறை அன்று. 1829 டிசம்பரில் உடன்கட்டையைத் தடுக்கும் அரசு ஆணை, மொழிபெயர்ப்புக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேரியின் கைக்கு வந்தது. அன்றைய பிரசங்கத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு, இருட்டுவதற்குள் அதை வங்காளத்தில் எழுதி முடித்தார். ஒரு நாள் தாமதித்தால் எத்தனை பெண்கள் எரிவார்களோ என்ற பதைப்பு அவருக்கு. பனிக்கட்டி உடைந்த சத்தம் கேட்டுத் திரும்பிய டிர்க்குக்கும் அதே மனம்தான். இந்தச் சரித்திரத்தில் படிக்கத் தகுந்த பக்கங்களை எழுதிவைத்தவை இளகிய மனங்களே. நம் வீட்டுப் பிள்ளைக்கும் அது இருக்கிறது என்றால், அது கெட்டுப் போகாதபடி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.